மரத்துக்கு இவ்வளவு

சுமத்ராக் காற்று விடியற்காலை நாலரைக்கு வந்தது.
நாலே முக்காலுக்கு சூப்பர்வைசரின் போன் வந்தது.
அப்பர் தாம்சன் சாலையில்
பேருந்துத் தடத்துக்குக் குறுக்கே
குப்புறக் கிடந்தது ஒரு தூங்குமூஞ்சி மரம்.
அடியில் நசுங்கிய டாக்சி,
விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு.
உள்ளே ஆள் இல்லை.

ஏழு மணி வரை ரம்பம் கத்தியது.
ஏழேகாலுக்கு 167 வந்து நின்றது,
பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள்.
மிச்சம் மரத்தூள்தான்.
அதையும் பெருக்கிவிட்டோம்.

இந்த ஊரில் மரத்துக்கு எண் உண்டு.
தகட்டில் இருந்ததை மொக்லேசுர் வாசிக்க
நான் எழுதிக்கொண்டேன்.
சீக்கிரமே அங்கே ஒரு கன்று நிற்கும்
முட்டுக்கழியோடு.

எங்கள் பக்கமும் எண்ணினார்கள்.
கஜா போன பிறகு
நோட்டோடு தோப்பு தோப்பாக வந்தார்கள்.
மரத்துக்கு இவ்வளவு.
பட்டா யார் பேரில்?

நான் மரமேறி.
முப்பத்தெட்டுத் தோப்பு.
எதில் குளவிக்கூடு, எதில் மட்டை வழுக்கும்
எல்லாம் என் பெருவிரலுக்குத் தெரியும்.
என் பேரில் ஒரு மரமும் இல்லை.
"உனக்கு என்னப்பா விழுந்துச்சு?" என்றார் நோட்டுக்காரர்.
ஏளனமாக இல்லை, கட்டத்தை நிரப்பும் கவலையில்.
முப்பத்தெட்டுத் தோப்பும் என்று
சொல்லத் தோன்றவில்லை.
கூரை என்றேன்.

இங்கேயும் மரமேறிதான்.
இடுப்பில் கயிறு, தலையில் ஹெல்மெட்,
கழுத்து வரை ஏஜெண்டு கடன்.
மண்டாய் டார்மிட்டரியில்
எனக்கு மேல் கட்டில் அடைக்கலம்.
இருநூற்று நாற்பது மரத்துக்குப் பணம் வாங்கிய வீடு.
அவர் மரத்தில் நான் ஏறியது போய்
என் தலைக்கு மேல் அவர் ஏறிப் படுக்கிறார் என்று
அறையில் ஒரு சிரிப்பு ஓடும்.

இருபத்து மூன்று பேர், மாதம் இருபது வெள்ளி.
தேக்கா பக்கம் புல்தரையில் முதல் கூட்டம்.
"ஊர்ல எல்லாருக்கும் சமமாப் பிரிப்போம்" என்றார் அடைக்கலம்.
வாங்கினவனுக்கும் வாங்காதவனுக்கும் ஒரே அளவா
என்று கேட்டேன்.
குரல் உயர்ந்தது.
பரோட்டாப் பொட்டலம் பிரிக்காமலே ஆறியது.
இரண்டு மாதம்
மேல் கட்டிலுக்கும் கீழ் கட்டிலுக்கும் பேச்சில்லை.

தன் ஊரை இரண்டு தடவை ஆற்றுக்குக் கொடுத்தவன் மொக்லேசுர்.
கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதவன், சும்மா வந்தவன்.
உடைந்த தமிழில் சொன்னான்:
"முதல் வருசம் படகு படகா அரிசி வரும் பாய்.
மூணாம் வருசம் ஒருத்தனும் வரமாட்டான்.
காசு அதுக்கு வை."

வைத்தோம்.
ஊரில் திட்டினார்கள், தின்றுவிட்டோம் என்றார்கள்.
என் வீட்டிலேயே கேட்டார்கள்.

மூன்றாம் வருஷம்
மட்டை உரித்துப் பிழைத்த ஏழு பெண்கள் பேரில்
மூன்று மா குத்தகைக்கு எடுத்தோம், மல்லிகைக்கு.
நிலம் அடைக்கலத்தின் அப்பாவுடையது.
கழிவறை வாசலில் நின்று
எத்தனை இரவு அவரோடு போனில் மல்லுக்கட்டினார் இவர்!
கடைசியில் குத்தகைப் பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.
அதையும் சொல்ல வேண்டும்.

இது ஏழாம் வருஷம்.
நேற்றிரவு மேலிருந்து ஒரு கை போனை நீட்டியது.
மறுபடி நட்ட தென்னையில் முதல் குலை.
படத்தில் ஓரமாக ஏதோ இரும்பு.
"மரமேறுற மெஷின். அப்பா வாங்கிட்டாரு"
என்றது இருட்டு.
கொஞ்ச நேரம் கழித்து,
"நீ என்ன செய்வே?"

காற்றாடியின் சத்தம் மட்டும்.
தோப்பு எழுந்துவிட்டது என்று
யாராவது இந்நேரம் எழுதி மூடியிருப்பார்கள்.

ஞாயிறு கூட்டம் இருக்கிறது.
பூந்தோட்டத்து மோட்டார் எரிந்துபோனதாக
ரெத்தினாம்பாள் குரல் அனுப்பியிருக்கிறது,
இரண்டு நிமிடம், பாதி வசவு.
கணக்கு நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது.
முஸ்தஃபாவில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்,
கொஞ்சம் தடிமனாக.